சரி சொல்ல வேண்டியவர்

கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தியதைத்தான் பாய்லர்காரரால் பொறுக்க முடியவில்லை. இடப்பக்கக் கையும் காலும் விழுந்துபோன நாளிலிருந்து அந்தச் சுவர்தான் அவருக்கு உறவு. நல்ல கையால் தொட்டால் குளுகுளுவென்று இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. விரலை மடக்கித் தட்டினால் மருமகள் வந்து நிற்க வேண்டும். வரவில்லையென்றால் உள்ளங்கையால் அடிப்பார். அடித்து அடித்து அந்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குச் செங்கல் வெளியே தெரிந்தது.

இப்போது கட்டில் அறைக்கு நடுவில் நின்றது. போதாததற்குக் காலுக்குக் கீழே செங்கல் அடுக்கி உயர்த்தியும் விட்டார்கள். வேலை செய்கிறவள் முதுகு வளையக் கூடாதாம். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டுமாம்.

"எதுக்குடா இது? டிக்கெட் போட்டு ஆளை உள்ள விடப் போறீங்களா?" என்று மகனைக் கேட்டார்.

மகன் குளிர்கிடங்கில் ராத்திரி வேலைக்குப் போய்ப் பெட்டி தூக்குகிறவன். பேச்சு என்று வந்தால் ஈரத்துணி, முறுக்கிப் பிழிந்தால்தான் ஒரு சொட்டு விழும். "நாளைக்கு ஒரு நாள்தாம்பா" என்றான்.

"கை நீட்டினா பிடிக்க ஒண்ணும் இல்ல. நடுக்கடல்ல விட்ட மாதிரி இருக்கு."

"கட்டிலைப் பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

காற்று அசையவில்லை. மழை வருகிற மாதிரி இருட்டிக்கொண்டு, வராமல் ஏய்க்கிற நாள். கொல்லையில் காயப்போட்ட படுக்கைத் துணிகள் காலையிலிருந்து ஈரம் போகாமல் தொங்கின. மருமகள் அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, கொஞ்சம் பரவாயில்லை என்று தோன்றிய ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஆள் படுத்திருக்கும்போதே துணி மாற்றுவது ஒரு வேலை. ஆளை ஒரு பக்கமாகப் புரட்ட வேண்டும். பழைய துணியை நீளவாக்கில் சுருட்டி முதுகோரம் தள்ள வேண்டும். புதுத்துணியைப் பாதி விரித்து, மீதியைச் சுருட்டி அதன் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பிறகு அந்த மேட்டின்மேல் ஆளை மறுபக்கம் புரட்டி, பழையதை உருவி, புதியதை இழுத்துவிட வேண்டும். ஒரு சுருக்கம் இருந்தாலும் தோல் கிழிந்து புண் வைக்கும். இத்தனை வருஷத்தில் பாய்லர்காரர் முதுகில் புண் வந்ததில்லை. அது தன் உடம்பு வாகு என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

முன்பெல்லாம் அவள் "புரளுங்க" என்பாள். அவர் நல்ல கையை அவள் கழுத்தில் போட்டுத் தொங்குவார். ஒரே இழுப்பு. அவள் கழுத்து நரம்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் தலையைத் திருப்பாமல் நடப்பாள். பயிற்சி வகுப்புக்குப் போக ஆரம்பித்த பிறகு கழுத்தைக் கொடுப்பதில்லை.

"மாமா, உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன். சரியா?"

"யாரு கிட்ட பேசுற?"

"உங்ககிட்டத்தான். சரின்னு சொல்லுங்க."

"சொல்லலைன்னா?"

"நோயாளி சரின்னு சொன்னாத்தான் நான் கையை வைக்கணும். டீச்சர் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. நாளைக்குச் சோதிக்க வர்ற சார் முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க மாமா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இத்தனை வருஷமா ஒருநாள் கேட்டியா?"

"நீங்க என்னை ஒருநாள் கேட்டீங்களா?" என்றாள் மருமகள். சொல்லிக்கொண்டே அவர் முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துப் புரட்டினாள். அவர் சரி என்று சொல்லவே இல்லை.

அவள் போன வகுப்பு, வீட்டில் கிடக்கும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதற்கான பயிற்சி. கடைத்தெருவில் ஒரு மாடியில், மத்தியானங்களில் நடந்தது. அவள் போகிற நேரம் முழுக்க அவர் சுவரை அடித்துக்கொண்டிருப்பார், மகன் தூக்கத்தில் உறுமுவான். பயிற்சி முடிந்து தேர்வு. வேலை நடக்கிற இடத்துக்கே வந்து பார்த்துத்தான் தேர்ச்சி போட வேண்டும் என்பது விதி. டீச்சர் வந்தார். அன்றைக்கும் இதே புழுக்கம். முன்னறையில் மின்விசிறிக்கு நேரே உட்கார்ந்து, தன் வீட்டுக் குழாய் ஒழுகுகிறதைப் பற்றி யாரிடமோ போனில் சண்டை போட்டார். இரண்டு தடவை வாசற்படிவரை வந்து கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். மருமகள் பார்க்க ஆளில்லாத அறையில் "சரியா மாமா, சரியா மாமா" என்று கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்து முடித்தாள். டீச்சர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டுவிட்டுப் போனார்.

சான்றிதழ் வந்துவிட்டது என்று இவள் நினைத்திருக்கையில் இன்னொரு சங்கதி வந்தது. டீச்சர் தேர்ச்சி போட்டவர்களில் சிலரைப் பொறுக்கி எடுத்து, வெளியிலிருந்து ஒருவர் வந்து சரிபார்ப்பாராம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு. அந்தச் சோறாக இவள் அகப்பட்டுக்கொண்டாள்.

"டீச்சர் எங்களைச் சோதிச்சாங்க. டீச்சர் ஒழுங்காச் சோதிச்சாங்களான்னு இவர் சோதிக்கிறார்" என்றாள், துணியின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகியபடி.

"இவனை யாரு சோதிக்கிறது?"

"அதெல்லாம் எனக்கென்ன தெரியும்."

"ஒருத்தனும் இல்ல. நான் பார்த்துட்டேன் இவனுங்களை."

பார்த்தவர்தான். சலவை ஆலையில் வேலைக்காலம் முழுக்கப் பாய்லர் பக்கத்தில் வெந்தவர். வருஷத்துக்கு ஒருமுறை சோதனைக்காரர் வருவார். முதல்நாள் பாய்லருக்கு வர்ணம் பூசுவார்கள், நீர்மட்டக் கண்ணாடியைத் துடைப்பார்கள், ஒழுகுகிற இடத்துக்குக் கீழே இருக்கிற வாளியை ஒளித்துவைப்பார்கள். அவர் வந்து அழுத்தமானி முள் ஏறுகிறதா என்று பார்ப்பார். ஏறினால் முத்திரை. அப்புறம் டீ. சோதிக்க வருகிறவனுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாலே பாதிச் சோதனை முடிந்தது என்பது பாய்லர்காரர் கண்ட வேதம்.

ஆனால் இந்தச் சோதனையில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தது. சான்றிதழ் உறுதியானால் பெரிய ஆஸ்பத்திரியில் மருமகளுக்கு வேலை. அடுத்த முதல் தேதியில் சேரச் சொல்லியிருந்தார்கள். விடிந்து போனால் இருட்டித் திரும்புவாள். அப்புறம் தன்னை யார் புரட்டுவது என்று மகனைக் கேட்டார். "ஏதாவது பண்ணலாம்" என்றான். மகன் 'ஏதாவது பண்ணலாம்' என்ற எதையும் பண்ணியதில்லை. இந்த வீட்டுக் கூரை ஒழுக்கு அதற்குச் சாட்சி.

"நீ போயிட்டா நான் அழுகித்தான் சாகணும்" என்றார் அவளிடம்.

அவள் அழுக்குத் துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "போகலைன்னா நான் சாகணும் மாமா. நின்னபடிக்கே. எது பரவாயில்லன்னு நீங்களே சொல்லுங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவர் தூரத்தில் இருந்தது.

மறுநாள் சரிபார்க்க வந்தவர் மழையோடு வந்தார். நனைந்த குடையை வாசலிலேயே விட்டார். துடைத்துப் போட்டிருந்த நாற்காலியில் உட்காரவில்லை. டீ வேண்டாம் என்றார். உட்காராத சோதனைக்காரனைப் பாய்லர்காரர் கண்டதில்லை.

டீச்சர் முன்னாலேயே வந்து, புதுப்பெண் மாதிரி மூலையில் நின்றுகொண்டிருந்தார். வந்தவர் மருமகளிடம் சில கேள்விகள் கேட்டார். அப்புறம் எல்லாரையும் முன்னறைக்கு அனுப்பிவிட்டு, கட்டிலருகே வந்து, பாய்லர்காரர் கண்ணுக்கு நேராகக் குனிந்தார்.

"ஐயா, தேர்வு நடந்த அன்னிக்கு நீங்கதான் கூட இருந்தீங்க. டீச்சர் பக்கத்துல நின்னு பார்த்தாங்களா?"

பாய்லர்காரர் இரண்டு பக்கமும் எடைபோட்டார். பார்த்தார் என்று சொன்னால் மருமகள் போய்விடுவாள். பார்க்கவில்லை என்று சொன்னால் தேர்வு செல்லாது, அவள் இங்கேயே கிடப்பாள். இதில் பொய் சொல்லவும் வேண்டியதில்லை. வாழ்நாளில் உண்மை அவருக்கு இத்தனை வசதியாக வந்து வாய்த்ததில்லை.

"எங்க பார்த்தாங்க? முன்னறையில உட்கார்ந்து குழாய் ரிப்பேர் பேசிட்டு இருந்தாங்க. ரெண்டு தடவை மூக்கைப் பிடிச்சுக்கிட்டு எட்டிப் பார்த்தாங்க. அவ்வளவுதான்."

வந்தவர் ஆச்சரியப்படவில்லை. எத்தனையோ வீட்டில் கேட்டதை இங்கேயும் கேட்டவர் மாதிரித் தலையாட்டினார்.

"நல்லது ஐயா. டீச்சர் விஷயத்தை நான் தனியாப் பார்த்துக்கறேன். பாவம், உங்க மருமக மேல தப்பில்லையே. இப்ப நானே நின்னு பார்த்துடறேன்."

பாய்லர்காரர் எய்த அம்பு வளைந்து அவர் மடிக்கே வருகிறதே!

மருமகள் வந்தாள். டீச்சரும் பின்னாலேயே வந்து, இந்த முறை மூக்கைப் பிடிக்காமல் நின்றார். கதவோரத்தில் மகன். மருமகள் கையைக் கழுவித் துடைத்தாள். சன்னலைச் சாத்தினாள். கட்டிலை உலுக்கிப் பார்த்தாள்.

"மாமா, துணி மாத்தணும். உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன். சரியா?"

ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில், தொட்டும் தொடாமலும் வந்து நின்றது. எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். எத்தனையோ காலமாக அவர் வாயை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அப்போதுதான் அவருக்குப் பொறி தட்டியது. முள் ஏறாத பாய்லருக்கு எந்தச் சோதனைக்காரனும் முத்திரை போட்டதில்லை. வேலை நடக்கவில்லையா, தேறவில்லை. அவ்வளவுதானே கணக்கு.

"வேண்டாம்" என்றார்.

தகரக் கூரையில் மழை சடசடத்தது. மருமகள் அவரையே பார்த்தாள்.

"பெரியவரே, ஒரு நிமிஷ வேலைதான்... சரின்னு சொல்லிடுங்களேன்" என்று டீச்சர் கெஞ்சினார். வந்தவர் கையைக் காட்டி அவரை அடக்கினார்.

"எங்கயாவது வலிக்குதா மாமா?" என்றாள் மருமகள்.

"வேண்டாம்னா வேண்டாம். என்னைத் தொடாதே."

அவள் நினைத்திருந்தால் ஒரே தள்ளில் புரட்டிப் போட்டிருக்கலாம். தினமும் அவர் திட்டத் திட்டப் புரட்டிய கைதானே. இடுப்பில் அந்தக் கை ஒரு கணம் இறுகியதை அவர் உணர்ந்தார். அப்புறம் இரண்டு கையும் போய்விட்டன. போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள். தண்ணீர் டம்ளரை அவர் நல்ல கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்தாள்.

"சரி மாமா. வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பின்னாலேயே எல்லாரும் போனார்கள்.

பாய்லர்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஜெயித்தாயிற்று. வந்த ஆள் போகிற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். குடை விரிகிற சத்தம் கேட்கவில்லை. முன்னறையில் முணுமுணுப்பு மட்டும் கேட்டது. மழை விட்டு விட்டுப் பெய்தது. அடியில் துணி நனைந்திருப்பது மெல்லத் தெரிந்தது. முதலில் வெதுவெதுப்பு, அப்புறம் சில்லிப்பு, அப்புறம் அரிப்பு. இடுப்பெலும்பு இருக்கிற இடம் சூடு வைத்த மாதிரி எரிய ஆரம்பித்தது. நல்ல காலை ஊன்றித் தானே ஒருச்சாய முயன்றார். செத்த பாதி வரமாட்டேன் என்றது. பழக்கதோஷத்தில் சுவரைத் தட்டக் கையை நீட்டினார். கை வெறும் காற்றில் ஆடியது.

பல்லைக் கடித்துப் பார்த்தார். உடம்பு என்ன, மானம் ரோஷம் தெரிந்ததா!

"யாரு... இந்தா... அம்மாடி!" என்று கத்தினார்.

மருமகள் வந்தாள். வாசற்படியில் சோதிக்க வந்தவர் நின்றார். கிளம்பாமல் இதற்காகத்தான் காத்திருந்திருக்கிறார்.

"இப்ப திருப்பட்டுமா மாமா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "சரி."

அவள் முழங்காலை மடக்கினாள், கை கொடுத்தாள், புரட்டினாள். சுருட்டினாள், விரித்தாள், துடைத்தாள், மேட்டைத் தாண்டி மறுபக்கம் புரட்டி உருவினாள். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்தாள். குதிகால் மெத்தையில் உரசாமல் துண்டை மடித்து முட்டுக்கொடுத்தாள். துணியில் ஒரு சுருக்கம் இல்லை. பாய்லர்காரருக்கு எரிச்சல் அடங்கிய சுகத்தில் அழுகை வந்தது. அது வேறு அவமானம்.

வந்தவர் முன்னறைக்குத் திரும்பி டீச்சரிடம் பேசியது திறந்த கதவு வழியே தெளிவாகக் கேட்டது.

"நோயாளி வேண்டாம்னா கையை எடுத்துடணும், அப்புறம் மறுபடி கேட்கணும். இது எல்லார் பாடத்துலயும் இருக்கு. எல்லாருக்கும் டிக் போட்டு அனுப்பறீங்க. நான் போற வீட்டுல ஒரு நோயாளி மறுத்துப் பார்த்ததில்ல. சரின்னு சொல்லச் சொல்லிப் பழக்கி வச்சிடறீங்க. உண்மையிலேயே ஒருத்தர் மறுத்து, உண்மையிலேயே ஒருத்தங்க கையை எடுத்ததை இன்னிக்குத்தான் பார்க்கிறேன். இந்தம்மா தேர்ச்சியில எனக்குச் சந்தேகமே இல்ல."

பாய்லர்காரர் போர்வைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டார். முள் ஏறாவிட்டாலும் முத்திரை போடுகிற ஊரில் மாட்டிக்கொண்டோமே என்று இருந்தது.

போவதற்கு முன் வந்தவர் மறுபடி உள்ளே வந்து குனிந்தார்.

"ஐயா, ஒரு உதவி. பயிற்சிக்கு வர்ற மத்தவங்களும் இங்க வந்து உங்களைப் பார்த்துக்கலாமா? மாத்தி மாத்தி ஆள் வரும். உங்களுக்கும் துணை, அவங்களுக்கும் பழக்கம். உங்க சம்மதம் இல்லாம இல்ல. நீங்க வேண்டாம்னா வேண்டாம்தான்."

பாய்லர்காரர் கதவுப் பக்கம் பார்த்தார். மகன் நிலையில் சாய்ந்து கொட்டாவி விட்டான். அப்பனைப் புரட்ட எந்தப் பக்கம் கை கொடுப்பது என்றுகூட அவனுக்குத் தெரியாது. மருமகள் வாளியைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தர் கை வேண்டும். யார் கை என்று கேட்கிற இடத்தில் அவர் இல்லை.

"சரி" என்றார்.

"மனசார சொல்றீங்களா?"

"அதான் சொல்லிட்டேனே."

மழை நின்ற பிறகு மருமகள் டீயும் ரொட்டியும் கொண்டுவந்தாள். ரொட்டியைப் பிய்த்து டீயில் நனைத்து அவர் வாயில் கொடுத்தாள். கட்டில் இன்னும் நடுவில்தான் நின்றது.

"வேணும்னேதானே வேண்டாம்னு சொன்னீங்க?"

"ஆமா."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கையை எடுத்த? அவன் எதிர்ல தள்ளிப் போட்டிருந்தா நான் என்ன எழுந்து ஓடியா இருப்பேன்?"

அவள் இன்னொரு துண்டை நனைத்தாள். "போதும்னு ஆயிடுச்சு மாமா. தேர்வும் வேண்டாம், வேலையும் வேண்டாம், இனிமே இந்த உடம்பைத் தொடவும் வேண்டாம்னு ஆயிடுச்சு. அப்படியே தெருவுல இறங்கி நடந்துடலாம்னு இருந்தது. பாடம் கீடம் ஒரு மண்ணும் ஞாபகத்துல இல்ல."

"அவன் அதைத்தான் பாடம்னு எழுதிக்கிட்டுப் போறான்."

"எழுதட்டும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. அவருக்கு வாய் ஒரு பக்கம்தான் சிரிக்கும். டீ ஒழுகியது. அவள் துடைத்துவிட்டாள்.

"அப்புறம் தண்ணி டம்ளரை எதுக்கு நகர்த்தி வச்ச?"

அவள் யோசித்தாள். "அதுவா... அது கைப்பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

முதல் தேதி அவள் விடியும் முன்னே வேலைக்குப் போனாள். கட்டிலை மறுபடி சுவரோடு போடவில்லை. வருகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் இடம் வேண்டும் என்றார்கள். ஆட்கள் வந்தார்கள். ஒருத்தி கை ஐஸ்கட்டி. ஒருத்தி கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு துடைத்தாள். ஒருத்தன் பாடத்தை வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே புரட்டி, பாதியில் மறந்துபோய், அவரை ஒருச்சாய்த்துப் பிடித்தபடியே நின்றான். எல்லாரும் சரியா சரியா என்று கேட்டார்கள். இவரும் சரி சரி என்றார்.

ஒருநாள் டீச்சர் ஒரு தடித்த ஆளைக் கூட்டிவந்தார். சந்தையில் மூட்டை சுமந்தவனாம், முழங்கால் போய்விட்டதால் இந்தத் தொழிலுக்கு வந்தவன். அவன் கை கழுவப் போனபோது டீச்சர் கட்டிலருகே குனிந்தார். சரிபார்க்க வந்தவர் கண்டித்ததிலிருந்து பக்கத்திலேயே நிற்கப் பழகியிருந்தார்.

"பெரியவரே, இவருக்கு இன்னிக்குத் தேர்வு. மறுக்கற பாகமும் பார்க்கணும்னு இப்ப கட்டாயமாயிடுச்சு. அவர் கேட்டதும் வேண்டாம்னு சொல்லிடுங்க."

"எனக்கு இடுப்பு எரியுதும்மா. காலையிலேர்ந்து ஒரே பக்கமாக் கிடக்கேன். நிஜமாவே திருப்பணும்."

"திருப்பிடலாம், திருப்பிடலாம். முதல்ல வேண்டாம்னு சொல்லிடுங்க. கொஞ்ச நேரம் கழிச்சு அவர் மறுபடி கேட்பார். அப்ப சரின்னு சொல்லுங்க."

மூட்டைக்காரன் வந்து நின்றான். அகலமான கை, நன்றாகத் துடைத்து, வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்று தோளில், ஒன்று இடுப்பில். கழுத்து நரம்பு பிடிக்காமல், மூச்சு வாங்காமல், பஞ்சு மூட்டை மாதிரிப் புரட்டிப் போடக்கூடிய கை என்று பாய்லர்காரருக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. உடம்பு முழுக்க அந்தக் கைக்குள் சாய்ந்துவிடப் பார்த்தது.

"ஐயா, உங்களை வலது பக்கம் திருப்பப் போறேன். சரியா?"

டீச்சர் தலையசைத்தார்.

"வேண்டாம்" என்றார் பாய்லர்காரர்.

அவன் இரண்டு கையையும் எடுத்துவிட்டு, சரியாகச் செய்துவிட்டேனா என்று டீச்சரைப் பார்த்தான்.